மஸ்லஹத்து: எல்லையோர ஜமாஅத்துகளின் சமரசச் சபை

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதுவரை ஒரே திருவிதாங்கூரின் அடுத்தடுத்த தாலுகாக்களாக இருந்தவை இரண்டு மாநிலங்களின் விளிம்புகளாயின. பாறசாலையிலிருந்து களியக்காவிளை எட்டிவிடும் தூரம். இஞ்சிவிளையைத் தாண்டினால் கடைப் பலகையில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும், அவ்வளவுதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. தேங்காய்ப்பட்டணத்துக்கும் பூவாறுக்கும், திருவிதாங்கோட்டுக்கும் பாலராமபுரத்துக்கும் இடையே சம்பந்தங்கள் தொடர்ந்தன. சம்பந்தம் இருக்கும் இடத்தில் சண்டையும் இருக்கும். அந்தச் சண்டைக்குத்தான் 1956-க்குப் பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது.

பாறசாலைப் பெண் தாய்வீட்டுக்கு வந்து நெய்யாற்றின்கரைக் குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கிறாள் என்று வையுங்கள். குழித்துறைக்காரக் கணவன் நாகர்கோவிலில் எதிர்மனு போடுகிறான். இரண்டு வழக்கையும் ஒரே கோர்ட்டில் சேர்க்க வேண்டுமானால் நெய்யாற்றின்கரை நீதிபதியாலும் முடியாது, நாகர்கோவில் நீதிபதியாலும் முடியாது. ஒரு மாநிலத்து சிவில் வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய இரண்டு வீட்டார் டெல்லியில் வக்கீல் வைக்க வேண்டும். நம் பக்கத்து ஜமாஅத்துகளின் மஸ்லஹத்துச் சபைக்கு இன்றும் ஆள் வருவதற்குப் பக்தியைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிவாசலை ஒட்டிய ஆபீஸ் அறை, ஒரு மேசை, ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஜும்ஆ முடிந்த கையோடு வைப்பதை விவரமறிந்தவர்கள் தவிர்ப்பார்கள், பாதி ஊர் வாசலிலேயே நிற்கும் என்பதால். இஷாவுக்குப் பிறகு, கூட்டம் கலைந்தபின் வைப்பார்கள். மனு செகரட்டரி பெயருக்கு ஒரு வெள்ளைத்தாளில் வரும். எதிர்த்தரப்பு வேறு ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அந்த ஜமாஅத்துக்கு லெட்டர் பேடில் கடிதம் போகும்: உங்கள் மஹல்லைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னாரைப் பற்றி எங்களிடம் இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது, பேசித் தீர்க்க இன்ன தேதியில் அனுப்பித் தாருங்கள். இங்கிருந்து மலையாளத்தில் போனால் அங்கிருந்து தமிழில் பதில் வரும். சம்மனுக்கு உள்ள பலம் அந்தக் கடிதத்துக்கு இல்லை. ஆனாலும் அநேகமாக ஆள் வந்துவிடுவார். மகளுக்கோ தங்கைக்கோ நாளை நிக்காஹ் வைக்க வேண்டுமென்றால் அதே ஜமாஅத்தின் கடிதம் வேண்டுமே என்ற நினைப்பு அதற்கு ஒரு காரணம். அந்த நினைப்பு நல்லதுக்கும் பயன்பட்டிருக்கிறது, கெட்டதுக்கும் பயன்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உட்கார்ந்ததும் முதலில் பேசத் தொடங்குபவர் எப்போதும் பெண்ணின் வாப்பா. அடுத்து மாப்பிள்ளையின் மாமா. தம்பதி இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழக்கப்பட்ட ஒரு காக்கா நடுவில் இருந்தால், “மோளே, நீ முதல்ல சொல்லு, வாப்பா அப்புறம் பேசட்டும்” என்பார். அரைமணி நேரம் போனால் அது சம்பந்திமாரின் வழக்கு என்பதும், இரண்டு பிள்ளைகளும் அதில் சாட்சிகள் மாத்திரம் என்பதும் வெளிவரும். தனித்தனியாகக் கேட்பது, பிறகு சேர்த்து உட்காரவைப்பது, பிறகு இருதரப்பிலும் ஒவ்வொருவரை வெளியே திண்ணைக்கு அழைத்துப் போவது: பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் இன்று வகுப்பில் படிக்கும் முறைதான். இவர்கள் வழக்கத்தால் கற்றுக்கொண்டார்கள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் பவனில் வந்து நிற்கும். நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எத்தனை பவன் என்று இருக்கும். பெண்வீட்டார் போட்டனுப்பிய நகைக்கு அதில் கட்டம் கிடையாது. சீதனம் கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் யாரும் எழுதிவைப்பதில்லை, கேட்டால் அன்பளிப்பு என்பார்கள். பிரியும்போது அந்த அன்பளிப்புக்குக் கணக்கு வேண்டியதாகிறது. அப்போது கல்யாண ஆல்பம் மேசைக்கு வரும். செல்போனில் படத்தைப் பெரிதாக்கி, இடது கையில் எத்தனை வளையல், வலது கையில் எத்தனை, மாலை இரண்டா மூன்றா என்று எண்ணுவார்கள். நகைக்கடை பில், பாங்கில் அடகு வைத்த ரசீது, எது கிடைக்கிறதோ அது. குடும்ப நீதிமன்றங்களும் இதையேதான் செய்கின்றன. புகுந்த வீட்டில் நகையை ஒப்படைத்ததற்குக் கிரிமினல் வழக்கில் கேட்பதுபோன்ற கண்டிப்பான ஆதாரம் பெண்ணிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. கல்யாணத்தன்று நகையை வாங்கும்போது ரசீது கேட்கும் மருமகள் எந்த ஊரில் இருக்கிறாள்?

சபைக்கு மார்க்கத்தில் உள்ள அடிப்படை தெரிந்ததே. கணவன் மனைவிக்குள் பிளவு வருமென்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர் என இரண்டு ஹகம்களை, அதாவது மத்தியஸ்தர்களை, ஏற்படுத்தச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம். அதே அத்தியாயத்தின் 128-ஆம் வசனம் ஸுல்ஹை, அதாவது சமாதான உடன்பாட்டை, மேலானதாகச் சொல்கிறது. ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத எந்த உடன்பாடும் செல்லும் என்பது ஹதீஸில் வரும் வரையறை. 1869-க்கும் 1876-க்கும் இடையே உஸ்மானியர்கள் தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பில் ஸுல்ஹுக்கு ஒரு தனி நூலே ஒதுக்கப்பட்டது.

நம் கமிட்டிக்காரர்கள் பலர் கவனிக்காமல் கடந்துபோகிற ஓர் இடம் இதில் உண்டு. அந்த இரண்டு ஹகம்களுக்கு எவ்வளவு அதிகாரம்? தம்பதியின் சம்மதம் இல்லாமலே பிரித்துவைக்கலாம் என்பது மாலிகி மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்திலும் ஹகம் என்பவர் தம்மை அனுப்பியவரின் வக்கீல்தான். அவர் சம்மதித்துக் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் ஓர் அங்குலமும் போக முடியாது. எல்லைக்கு இப்பால் ஷாஃபிகள் அதிகம், அப்பால் ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபிகள் உண்டு. இரண்டு மத்ஹபும் வலீ விஷயத்தில் முரண்படும், அதனால் சில நிக்காஹ்களில் சச்சரவும் வந்ததுண்டு. ஹகம் தீர்ப்பளிப்பவர் அல்லர் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. ஆக, நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் கமிட்டித் தலைவருக்கு நம் ஊரில் ஃபிக்ஹு சட்டமே ஆதரவாக இல்லை.

அரசாங்கத்தின் சட்டமும் அப்படியேதான் நகர்ந்து வந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் கோர்ட்டுகளுக்கு முஸ்லிம் சட்டம் சொல்ல அமர்த்தப்பட்டிருந்த அதிகாரிகளையும், அரசு காஜி நியமனத்தையும் 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் முடித்துவைத்தது. நிக்காஹ் நடத்தவாவது காஜி வேண்டும் என்று சமுதாயம் கேட்டதால் 1880-இல் காஜிகள் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: இச்சட்டத்தின் எதுவும் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ தராது. தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கு அரசு காஜி நியமனம் இந்தச் சட்டப்படிதான்.

திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும், மனைவி கோர்ட்டுக்குப் போய் விவாகரத்துக் கேட்க வழி செய்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் அன்று நமக்குப் பொருந்தவில்லை. வாரிசுரிமைக்கு மட்டும் கொல்லம் ஆண்டு 1108-இல், அதாவது 1932–33-இல், சமஸ்தானமே ஒரு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் செய்திருந்தது. அந்த இரண்டு மத்தியச் சட்டங்களும் 1959-ஆம் ஆண்டு விரிவாக்கச் சட்டத்தின் மூலம் 1960 பிப்ரவரி 1 முதல்தான் இங்கே வந்துசேர்ந்தன. வடக்கே பிரிட்டிஷ் மலபாரில் ஒரு பெண்ணுக்கு 1939-லேயே எழுத்தில் கிடைத்த ஒன்பது காரணங்கள் பாறசாலைப் பெண்ணுக்குக் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் கைக்கெட்டிய இடம் பள்ளிவாசல் திண்ணைதான். அதன் செல்வாக்கு அப்படி வளர்ந்ததே.

வளர்ந்த செல்வாக்கை எல்லா இடத்திலும் நல்லபடி நடத்தினார்கள் என்று, இது விழா மலர் என்பதற்காக எழுதிவிட முடியாது. பணமும் நிலமும் உள்ள முதலாளியே பள்ளிவாசலின் தலைவராகவும் இருந்த காலத்தில் சமரசம் என்பது அவர் மனம்போனபடி நடந்தது. விளவங்கோட்டுக் கடற்கரையில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் காட்டிய முதலாளி ராஜ்யம் நமக்கு அந்நியமானதல்ல. சொன்னதைக் கேட்காதவர்களை ஊர்விலக்குச் செய்வது, நிக்காஹுக்குக் கடிதம் மறுப்பது, மையவாடியில் இடம் தர மறுப்பேன் என்று மிரட்டுவது: இவை மஸ்லஹத்தின் பெயரால் நடந்தவை. கடிதத்துக்குப் பயந்து வந்து உட்கார்ந்தவர் போட்ட கையெழுத்தில் சம்மதம் எங்கே இருக்கிறது?

இன்னொரு குறை, அறையில் பெண்கள் இல்லாதது. புகார் பெண்ணுடையது, பேசுவது அவள் வாப்பா, கேட்பது ஏழு ஆண்கள். மாதவிடாய், கர்ப்பம், படுக்கையறை என்று வழக்கின் உயிரே இருக்கும் இடத்தை அந்த ஏழு பேர் முன்னால் எந்தப் பெண் சொல்வாள்? புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தைத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன ஜமாஅத்துகளை விரல்விட்டு எண்ணலாம். ஹுதூத், கிஸாஸ் தவிர்ந்த விஷயங்களில் பெண் நீதி வழங்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடு. வழி அங்கேயே இருந்தும் அதில் நடக்க ஆள் வரவில்லை.

கோர்ட்டுகள் தலையிட்டது இந்த இரண்டு குறைகளின் வாசல் வழியாகத்தான். 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில், இரண்டு தரப்பு மத்தியஸ்தர்களின் சமரச முயற்சி தோற்ற பிறகு, தக்க காரணத்துக்காகச் சொல்லப்படும் தலாக்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் விஸ்வ லோசன் மதன் வழக்கில், தாருல் கஸாவுக்கோ ஃபத்வாவுக்கோ சட்ட பலம் இல்லை, விரும்பியவர் ஏற்கலாம், வற்புறுத்தித் திணித்தால் அது சட்டவிரோதம் என்றது. 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளிவாசல் வளாகத்தில் நீதிமன்றம் போலத் தோற்றம் காட்டும் ஷரீஅத் கவுன்சில்களைச் செயல்பட விடக் கூடாது என்று உத்தரவிட்டது. 2017 ஆகஸ்ட் 22-இல் முத்தலாக் செல்லாதென்றானது, 2019-இல் அது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமானது. தபாலில் தலாக் அனுப்பிவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஆண், இப்போது பேச்சுக்கு வந்து உட்காருகிறான். அந்த ஒரு விஷயத்தில் சபையின் வேலை முன்பைவிட எளிதாயிற்று.

எல்லையில் இருப்பவர்களுக்கு உண்மையான தலைவலி, மனைவி முன்வந்து பிரியும் குல்உ விஷயத்தில். 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்தின் முஹம்மது முஸ்தாக், சி.எஸ். டயஸ் அமர்வு, 1972-ஆம் ஆண்டின் மோயின்–நஃபீஸா தீர்ப்பைத் தள்ளிவிட்டு, கோர்ட்டுக்கு வெளியே பெண் குல்உ மூலம் பிரியலாம் என்று ஏற்றது. மூன்று நிபந்தனைகள்: அவள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், மஹரைத் திருப்பித் தர முன்வர வேண்டும், அதற்கு முன் உருப்படியான சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் நீண்ட விசாரணை நடத்தாமல் அதை உறுதிப்படுத்தினால் போதும். அதன்மீது வந்த மறுஆய்வு மனுவும் 2022 அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. எல்லைக்கு அப்பால், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குல்உ சான்றிதழை ரத்துசெய்து, தனியார் அமைப்புக்கு அந்த அதிகாரம் இல்லை, குடும்ப நீதிமன்றத்துக்கோ சட்டப் பணிகள் ஆணையத்துக்கோ போங்கள் என்றது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையும், இத்தகைய கவுன்சில் ஒரு தனியார் அமைப்பு, விவாகரத்துச் சான்றிதழ் தரவோ அபராதம் விதிக்கவோ அதற்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் களியக்காவிளையில் வாழ்க்கைப்பட்டுப் பாறசாலைக்குத் திரும்பிவந்த பெண்ணுக்கு எந்தப் பக்கம் மனுப் போடுவது என்பதே முதல் முடிவாகிவிடுகிறது. இதில் கமிட்டிக்காரர்கள் செய்யும் பிழை, பேச்சு முறிந்ததும் சீல் போட்டு “விவாகரத்துச் சான்றிதழ்” எழுதிக் கொடுப்பது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டு, பாஸ்போர்ட் ஆபீஸிலோ பென்ஷன் ஆபீஸிலோ மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. எழுத வேண்டியது சான்றிதழ் அல்ல, நடவடிக்கைக் குறிப்பு: எந்தத் தேதிகளில் யார் யார் உட்கார்ந்தார்கள், எந்த யோசனை வைக்கப்பட்டது, எங்கே உடன்பாடு வரவில்லை. கேரளத்தில் குல்உவுக்கும், எங்கும் தலாக்குக்கும் முன்நிபந்தனையான சமரச முயற்சிக்கு அந்தக் குறிப்பு ஆதாரமாகும். சபையிடமிருந்து தீர்ப்பை எடுத்துக்கொண்ட கோர்ட்டுகள் அதன் மினிட்ஸ் புத்தகத்துக்கு அதுவரை இல்லாத மதிப்பைக் கொடுத்திருக்கின்றன.

சமரசத்தைச் சட்டத்துக்குள்ளேயே கட்டிய நாடுகளும் உண்டு. இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, கணவன் தலாக் சொல்ல விரும்பினால் முதலில் காதிக்கு அறிவிக்க வேண்டும். உறவினர், பெரியவர்களின் உதவியோடு காதி சமாதானத்துக்கு முயல வேண்டும், முப்பது நாளில் முடியாவிட்டால்தான் அடுத்த கட்டம். சிங்கப்பூரில் 1958 முதல் இயங்கும் ஷரீஅத் நீதிமன்றத்தில் விசாரணைக்கு முன் ஆலோசனையும் மத்தியஸ்தமும் நடைமுறை. மலேசியாவின் சிலாங்கூரில் 2002 முதல் ஸுல்ஹு அதிகாரிகளே தனியாக உண்டு. அங்கெல்லாம் உடன்பாடு அதே கோர்ட்டின் ஆணையாகிறது. நம்முடையது ஆணையாகாது. கிழக்கு இலங்கையின் பெண்கள் காதி நீதிமன்றங்களைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்டால், அதிகாரம் இல்லாததும் ஒரு பாதுகாப்போ என்று தோன்றுகிறது.

2023-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தில் சமுதாய மத்தியஸ்தத்துக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. இருதரப்புச் சம்மதம், மூன்று பேர் கொண்ட குழு, கோர்ட்டு டிகிரி போல நிறைவேற்ற முடியாத உடன்பாடு. வாசித்தபோது நம் மஸ்லஹத்தைப் பார்த்து எழுதியது போலிருந்தது. இங்கே செய்யக்கூடியவை உண்டு. உடன்பாட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி இருதரப்புக்கும் பிரதி கொடுக்கலாம். பவன் கணக்கும் பிள்ளைகளின் செலவும் உள்ள உடன்பாடுகளை லோக் அதாலத்தில் பதிவுசெய்தால் அது சிவில் கோர்ட்டு டிகிரிக்குச் சமமாகும், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான். அடி, உதை, மிரட்டல் என்று வந்தால் நாற்காலியே போடக் கூடாது. அது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் விஷயம். “இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ மோளே” என்று சொல்லி அனுப்பிய பெண்ணுக்கு அப்புறம் ஏதாவது நேர்ந்தால் அந்தப் பொறுப்பு சொன்னவருடையது.

மலர்க்குழுவில் சிலர் பழைய மஸ்லஹத்துப் புத்தகங்களிலிருந்து சுவையான வழக்குகளை எடுத்துப் பெயர் மாற்றிப் போடலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. இவ்வளவு சிறிய ஊரில் பெயரை மாற்றினால் யாருக்குத் தெரியாது? மருமகளின் பேறு, மாப்பிள்ளையின் கடன், ஒரு வாப்பா அழுதுகொண்டே சொன்னது, எல்லாம் அந்த அறையை நம்பிச் சொன்னவை. மத்தியஸ்தச் சட்டமும் அதை ரகசியம் என்றுதான் வைத்திருக்கிறது. எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை கோர்ட்டுக்குப் போனது என்ற எண்ணிக்கையை ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் வாசிக்கட்டும். புத்தகங்கள் இரட்டைப் பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும், ஒரு சாவி செகரட்டரியிடம், இன்னொன்று கமிட்டிக்கு வெளியே உள்ள ஒருவரிடம். அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது என்று சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.